ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ இரைச்சல்: எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது?

வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றைப் போட்டுவிட்டு, உடுக்கையும் குடமும் ஓயும் இடைவெளியில் காது கொடுத்தால், பல வீடுகளின் ஸ்பீக்கர்களில் ‘ம்ம்ம்’ என்ற அடங்காத இரைச்சல் கேட்கும். நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை சுற்றி வருவதால், அதிலிருந்து கசியும் இரைச்சலும் 50 ஹெர்ட்சிலோ அதன் மடங்குகளிலோதான் இருக்கும்.

முதலில் ஆம்பிளிபயரின் வால்யூமைத் திருகிப் பார்க்க வேண்டும். வால்யூமோடு இரைச்சலும் கூடிக் குறைந்தால், கோளாறு அதற்கு முன்னால், அதாவது கேபிளிலோ இணைத்திருக்கும் கருவியிலோ இருக்கிறது. குறையவே இல்லையென்றால் பெரும்பாலும் ஆம்பிளிபயரின் மின்வழங்கிப் பகுதியையே சந்தேகிக்க வேண்டும். டயோடுகள் நேராக்கிய மின்சாரத்தில் எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலையைச் சமன்செய்யும் கண்டன்சர் பல ஆண்டு வெப்பத்தில் உலர்ந்துவிட்டால், அந்த அலை நேரே ஸ்பீக்கருக்குப் போய்விடும்.

ஆனால் அதிகம் அலைக்கழிப்பது எர்த் வளையம்தான்; அதாவது, இரு கருவிகள் எர்த் வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் இரண்டு முறை இணைவதால் உண்டாகும் மூடிய சுற்று. பாளையங்கோட்டையில் பழைய வீட்டோடு மாடி எடுத்துக் கட்டியவர்கள் மாடிக்குத் தனி எர்த் குழி போட்டிருந்தால், கீழே ஆம்பிளிபயர் ஒரு குழியோடும் மேலே கம்ப்யூட்டர் இன்னொன்றோடும் சேர்ந்திருக்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் குழியின் மின்தடை ஏறுகிறது. திசையன்விளை வட்டாரத்துச் செம்மணலில் ஈரம் நிற்பதே அரிது. குழிக்கு உப்பும் கரியும் இட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். பிரிட்ஜ், மோட்டார் ஆகியவற்றின் சிறு கசிவு மின்னோட்டம் அந்தத் தடையைக் கடக்கையில் இரு எர்த்துகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை) வழியே மின்னோட்டம் பாய்கிறது. ஷீல்டின் தடை 0.1 ஓம், மின்னோட்டம் 10 மில்லியாம்பியர் என்றால் கிடைப்பது 1 மில்லிவோல்ட்தான். ஆனால் சிக்னலே சில நூறு மில்லிவோல்ட் என்பதால், அமைதியான அறையில் இது கேட்டே தீரும். குழி ஒன்றேயானாலும், அருகிலுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டக்கூடும்.

கண்டுபிடிக்க, கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போதும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும், அல்லது மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், வளையம் அந்த வழியாகத்தான் மூடுகிறது.

எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. இரைச்சல் போகும், உண்மைதான். உள்ளே பேஸ் வயர் கருவியின் உலோக உடலில் பட்டால் தொடுபவரின் உயிரும் போகும். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுப்பது, அதுவும் போதாதபோது ஆடியோ வழியில், நேரடிக் கம்பித் தொடர்பின்றிச் சிக்னலை மட்டும் கடத்தும் 1:1 தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் வைப்பது ஆகியவையே முறையான வழிகள். டிவி வயருக்கும் இத்தகைய தனிமைப்படுத்தி உண்டு.

அதற்குப் பிறகும் மெலிதாக மிஞ்சினால், ஆடியோ கேபிளை மின்வயரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துவிட்டு, இரண்டும் சந்தித்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடும்படி விட வேண்டும்.