ஸ்லாப்ஸ்டிக்: அடிதடியா, பொய்யடியா?

சாப்ளினுக்கும் 'அடிதடி நகைச்சுவை', லாரல்-ஹார்டிக்கும் 'அடிதடி நகைச்சுவை', மிஸ்டர் பீனுக்கும் அதே. விழுந்தும் மோதியும் அடிவாங்கியும் சிரிக்கவைக்கும் நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் ஸ்லாப்ஸ்டிக் என்று பெயர். அந்தச் சொல்லைப் பார்த்தாலே தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகிறது. மிஸ்டர் பீன் யாரோடு அடிதடியில் இறங்கினார்? கிறிஸ்துமஸுக்குச் சமைக்க வாங்கிய வான்கோழிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பு எளிது. இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் செழித்த கொமெதியா தெல்லார்த்தே என்ற முகமூடி நாடகத்தில் ஆர்லெக்கினோ என்றொரு குறும்புக்கார வேலைக்காரன் வருவான். அவன் கையிலிருக்கும் மட்டைக்குப் பத்தோக்கியோ என்று பெயர். இரண்டு மெல்லிய பலகைகளைக் கைப்பிடியில் மட்டும் சேர்த்து, நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். முதுகில் லேசாகப் போட்டாலே பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் 'பளார்' என்று சத்தம் எழும்பும். வாங்கியவனுக்கு வலிக்காது. 'அறைகிற குச்சி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அது ஸ்லாப்ஸ்டிக் ஆனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருவியின் பெயர் அந்த வகை நகைச்சுவைக்கே பெயராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சத்தத்தில் பிறந்த இந்தப் பெயர் பேசாப் படங்களோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டது. 1912இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம் இதையே தொழிலாக வைத்திருந்தது; 1914இல் சாப்ளின் முதன்முதலாகத் திரையில் தோன்றியதும் அதன் படத்தில்தான்.

இப்போது அடிதடிக்கு வருவோம். 'திருவிழாவில் இரு தரப்பினரிடையே அடிதடி. ஐந்து பேர் கைது' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். மண்டை உடையும், தையல் போடுவார்கள், போலீஸ் வழக்குப் பதியும். அடிதடிப் படம் என்றால் சண்டைப் படம். ஜாக்கி சானின் படங்களை அடிதடி நகைச்சுவை என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பெயரைச் சாப்ளினுக்குக் கொடுத்துவிட்டால் ஜாக்கி சானை என்னவென்று சொல்வது?

ஸ்லாப்ஸ்டிக்கின் உயிரே அடி விழாததில் இருக்கிறது. பேசாப் பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் 1928இல் நடித்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர் மேல் சாயும். மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்கும். மனிதர் அசையாமல் நிற்பார். சுவர் நிஜம், ஆபத்தும் நிஜம். ஆனால் அடி மட்டும் இல்லை. அதனால்தான் சிரிக்க முடிகிறது. இதை அடிதடி என்று எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, அகராதியைப் பார்த்தாரா?

'கோமாளித்தனம்' என்பாரும் உண்டு. அது திட்டுகிற சொல்லாகிப் பல காலம் ஆயிற்று. நேற்றைய அரசியல் அறிக்கையில்கூட இருந்திருக்கும். 'உடல்மொழி நகைச்சுவை' ரொம்ப அகலம். ஒரு புருவத்தைத் தூக்குவதும் அதில் அடங்கிவிடும்.

நான் எழுதுவது 'பொய்யடி நகைச்சுவை'. தமிழில் பொய் என்றாலே ஏமாற்று என்று பொருளில்லை. பொய்க்கால் குதிரை, பொய்க்கோபம், பொய்த்தூக்கம் என்று விளையாட்டாகச் செய்வதற்கும் அதையே சொல்கிறோம். கால் பொய் என்று ஆடுபவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும். கவுண்டமணி செந்திலை உதைக்கும்போது தியேட்டரில் யாரும் பதறவில்லையே.

வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவதில் அடி எங்கே என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழில் அடி என்பது அடுத்தவர் கொடுப்பது மட்டும் இல்லை. 'படியில் விழுந்து அடிபட்டுவிட்டது' என்கிறோம். குச்சியால் வாங்குவதும் தானாக விழுந்து வாங்குவதும் நமக்கு ஒரே சொல்தான். ஆங்கிலச் சொல் குச்சியோடு நிற்கிறது; பொய்யடி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது.

சப்டைட்டில் வேலைக்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை என்பது தெரிந்ததுதான். அப்படியானால் ஸ்லாப்ஸ்டிக் என்றே விட்டுவிடலாம். புரியாதவர் தேடிப் பார்த்துக்கொள்வார். அடிதடி என்று போட்டால் தேடவும் மாட்டார், புரிந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்.