ஃபயர்வால் மாறியது கணினிக்கு ஏன் தெரிவதில்லை?

“நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வால் பெட்டி இரண்டு வைத்தாலும், கணினியில் ஒரே ஒரு கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரிதானே போட முடிகிறது? முதல் பெட்டி செத்தால் அடுத்ததற்கு மாறச் சொல்லி கணினிக்கு யார் சொல்வது?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். யாரும் சொல்வதில்லை.

ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் மூன்று ஐபி முகவரிகள் வேண்டும்: பெட்டிக்கு ஒன்று, பொதுவில் மெய்நிகர் முகவரி ஒன்று. கணினியில் கேட்வேயாகப் போடுவது அந்தப் பொது முகவரியை. பெட்டிகள் இந்த முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் விஆர்ஆர்பி (VRRP) நெறிமுறைப்படி, முதன்மைப் பெட்டி நொடிக்கொரு முறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் (ஒரு குழுவுக்கே ஒருசேர அனுப்பும்) முகவரிக்குத் தன் இருப்பை அறிவிக்கும். மூன்று நொடி சத்தமில்லை என்றால், இன்னும் சற்றுப் பொறுத்துவிட்டு மாற்றுப் பெட்டி பொறுப்பேற்கும். அந்தச் ‘சற்று’க்கும் கணக்கு உண்டு: 256-லிருந்து தன் முன்னுரிமை எண்ணைக் (எண் பெரிதானால் முன்னுரிமை அதிகம்) கழித்து 256-ஆல் வகுக்க வேண்டும். முன்னுரிமை 100 என்றால் 0.61 நொடி, மொத்தம் 3.61. முறையாக அணைக்கப்படும் பெட்டியோ முன்னுரிமை 0 என்று அறிவித்துவிட்டுப் போகும், மாற்றத்துக்கு 0.61 நொடியே போதும். ஆகவே மெனுவில் ‘ஷட் டவுன்’ அழுத்திப் பார்ப்பது சோதனையே அல்ல. மின் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.

இனி, நெட்வொர்க் கருவிகளை ஸ்விட்ச் அடையாளம் காணும் மேக் (MAC) முகவரிக்கு வருவோம். பொது ஐபிக்கென்று ஒரு மெய்நிகர் மேக் உண்டு. அதன் முதல் ஐந்து பைட்டுகள் நிலையானவை, கடைசி பைட் நீங்கள் கொடுக்கும் குழு எண். பொறுப்பேற்ற பெட்டி, யாரும் கேட்காமலே, ‘இந்த ஐபிக்கு இந்த மேக்’ என்று சொல்லும் ஓர் ஏஆர்பி (ARP) அறிவிப்பை அந்த மேக்கிலிருந்து அனுப்பும். அது கணினிக்குப் புதுச்செய்தியே அல்ல. அதே ஐபி, அதே மேக். ஏமாறுவது ஸ்விட்ச்தான். ‘நேற்றுவரை 1-ஆம் போர்ட்டில் இருந்த மேக் இன்று 2-இல் பேசுகிறதே’ என்று தன் அட்டவணையைத் திருத்திக்கொள்ளும். ஒரே ஒரு ஃபிரேமில் (ஸ்விட்ச் கடத்தும் தரவுத் துண்டு) மொத்தப் போக்குவரத்தும் திரும்பிவிடுகிறது! அதே நெட்வொர்க்கில் வேறொரு ஜோடிக்கும் அதே குழு எண்ணைக் கொடுத்தால் மேக் மோதும், ஸ்விட்ச் குழம்பும்.

பாதை மாறினால் மட்டும் போதாது. நடந்துகொண்டிருக்கும் டிசிபி (TCP) இணைப்பின் தொடக்கத்தைப் புதுப் பெட்டி பார்க்கவில்லை, நடுவழியில் வரும் அதன் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் நடப்பிலுள்ள இணைப்புகளின் அட்டவணையை இரு பெட்டிகளுக்கிடையே தனிக் கேபிள் வழியே இடைவிடாமல் நகலெடுக்க வேண்டும். வெளிச்செல்லும் பாக்கெட்டுகளின் அனுப்புநர் முகவரியை மாற்றும் நேட்டும் (NAT) இரு பெட்டிகளுக்கும் பொதுவான மெய்நிகர் ஐபியில்தான் இருக்க வேண்டும். பெட்டியின் சொந்த ஐபியில் வைத்தால், பதில்கள் செத்த பெட்டியைத் தேடிப் போகும்.

முழுச் சாவைவிடப் பாதிச் சாவு ஆபத்து. வெளிப்பக்க இணைப்பு மட்டும் அறுந்தால் உள்பக்க அறிவிப்பு தொடரும், முதன்மைப் பெட்டி வழியில்லாமலே பதவியில் இருக்கும். வெளி இணைப்பைக் கண்காணித்து, அறுந்ததும் முன்னுரிமை 200-லிருந்து, மாற்றுப் பெட்டியின் 100-க்கும் கீழே, 90-க்கு இறங்கும்படி அமையுங்கள். ஸ்விட்ச் மல்டிகாஸ்ட்டை வடிகட்டினால் இன்னொரு கோளாறு: இரண்டு பெட்டிகளும் தாமே முதன்மை என்று நிற்கும், மேக் போர்ட் விட்டுப் போர்ட் தாவும்.

‘ஓடுவதைத் தொடாதே’ என்பது இத்துறையின் பெரிய மூடநம்பிக்கை. ஃபெர்ம்வேர் (பெட்டியை இயக்கும் மென்பொருள்) மேம்படுத்தும்போதெல்லாம் மாற்றுப் பெட்டிக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஃபயர்வால் மெய்நிகர் இயந்திரத்தில் ஓடினால், இயந்திரத்தின் பெயரில் பதிவில்லாத மெய்நிகர் மேக்கிலிருந்து அனுப்புவதையும் அந்த மேக்குக்கு வருவதைப் பெறுவதையும் மெய்நிகர் ஸ்விட்ச்சில் முதலிலேயே அனுமதித்துவிடுங்கள்.