இடைமுகம்

'இன்டர்ஃபேஸ்' கணினிக்கென்று பிறந்த சொல் அல்ல. எண்ணெயும் நீரும்போல ஒட்டாத இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் பரப்புக்கு 19ஆம் நூற்றாண்டு இயற்பியலில் வழங்கிய பெயர் அது. இலத்தீனில் 'இன்டர்' என்றால் இடையில். 'ஃபாசியெஸ்' என்றால் தோற்றம், முகம். கணினித் துறைக்கு அது வந்தது 1960களில்.

தமிழில் இடைமுகம். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான். ஆனாலும் இயல்பாகப் பொருந்துகிறது. நீரும் நிலமும் சந்திக்கும் துறைமுகம், ஆறு கடலைத் தொடும் கழிமுகம் என்று முகத்தை எல்லைக்கும் வாயிலுக்கும் நாம் முன்பே வழங்கிவருகிறோமே. சிலர் 'முகப்பு' என்கிறார்கள். அதைத் தளத்தின் முதல் பக்கத்துக்கு வைத்துக்கொள்வதே நல்லது. எழுத்தளவு, நிறம், பட்டன், தேடல் பெட்டி எனப் பயனரும் தளமும் தொட்டுக்கொள்ளும் அத்தனையும் இடைமுகம்.

மருத்துவத் தகவலில் இந்த முகத்தைப் பார்த்தே பலர் நம்பிவிடுகிறார்கள். 2002இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2,684 பேரிடம் பல தளங்களைக் காட்டி நம்பகத்தன்மையைக் கேட்டது. கருத்துகளில் 46.1% தோற்றத்தைப் பற்றியவை. நலவாழ்வுத் தளங்களுக்கு மட்டும் 41.8%. துறை வல்லுநர்களோ தளத்தை நடத்துவது யார், தகவல் எங்கிருந்து வந்தது என்றே முதலில் பார்த்தார்கள்.

அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் 1997இலேயே மருத்துவத் தளங்களிடம் நான்கைக் கேட்டது: எழுதியவரின் பெயரும் தகுதியும், ஆதாரம், உரிமையாளரும் பணம் தருபவரும், வெளியிட்ட, திருத்திய நாள்கள். இவற்றைக் கண்ணில் படவைப்பதுதான் இடைமுகத்தின் வேலை.

தவறு நேர்வது பெரும்பாலும் நாளில். பக்கத்தின் அடியில் காப்புரிமைக் குறியோடு நிற்கும் ஆண்டைப் பல தளங்களில் நிரலே ஜனவரி 1 அன்று மாற்றிவிடும். கட்டுரையை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தலைப்புக்குக் கீழே 'மருத்துவர் சரிபார்த்த நாள்' தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரைகளும் அப்படித்தான். நலவாழ்வுத் தளங்களுக்கு ஜெனிவா அமைப்பு ஒன்று தந்துவந்த 'ஹான்கோடு' சான்றிதழ் 2022இல் நிறுத்தப்பட்டது. அந்தப் படத்தை இன்றும் ஒட்டிவைத்திருந்தால் அதற்கு மதிப்பில்லை. முகவரிப் பட்டையின் பூட்டு, இணைப்பு இடையில் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் மருந்தளவு சரியா என்பது அதற்குத் தெரியாது.

வடிவமைப்பவர்களுக்கு ஒன்று. 'விளம்பரம்' என்ற சொல்லை வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் போடாதீர்கள். இணைய அணுகல் நெறிகளின்படி சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும்.