பவுண்டேஷன் ஷீட்: அடித்தளத் தாளா, நடுத்தாளா?

தேனீப் பெட்டி வாங்கிய முதல் வாரத்திலேயே காதில் விழும் சொல் பவுண்டேஷன் ஷீட். தேனீக்கள் அடை கட்டத் தொடங்குவதற்காக நாம் பெட்டிச் சட்டத்தில் பொருத்திக் கொடுக்கும், அறுகோண அச்சுப் பதித்த தாள் அது. தமிழில் எழுதும்போது பலரும் இதை அடித்தளத் தாள், அஸ்திவாரத் தாள் என்கிறார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. புதிதாகப் பெட்டி வைத்த ஒரு தம்பி, "அண்ணே, அடித்தளத் தாளை அடிப்பலகைக்கு மேல விரிக்கணுமா, கீழ விரிக்கணுமா?" என்று கேட்டார். பெட்டியில் ஏற்கெனவே அடிப்பலகை என்று ஓர் உறுப்பு இருக்கிறது, இதுவும் அடித்தளம் என்றால் கீழே விரிப்பதாகத்தானே யாருக்கும் தோன்றும்? தப்பு அவர் மேல் இல்லை, சொல்லின் மேல்தான்.

உண்மையில் இந்தத் தாள் எங்கே இருக்கிறது? மரச் சட்டத்துக்குள் செங்குத்தாக, கம்பியில் பதிந்து நிற்கிறது. ஒரு தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அறுகோண அச்சு இருக்கும், ஆனால் ஒரு பக்கத்து அறையின் நடுப்புள்ளி மறுபக்கத்தில் மூன்று அறைகள் கூடுகிற மூலையில் வந்து நிற்கும். தேனீக்கள் இந்த அச்சைப் பிடித்துக்கொண்டு இரு பக்கமும் சுவர் எழுப்புகின்றன. ஆக, கட்டி முடிந்த தேனடையில் இந்தத் தாள் இருப்பது நட்ட நடுவில்.

இதை முதலில் செய்தவர் யோகன்னஸ் மேரிங் என்ற ஜெர்மன் தச்சர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, லாங்ஸ்ட்ராத் என்பவர் அமெரிக்காவில், சட்டங்களைக் கழற்றி மாட்டும் தேனீப் பெட்டிக்கு 1852இல் காப்புரிமை பெற்றிருந்தார். 1857இல் மேரிங் மர அச்சில் மெழுகை அழுத்தித் தாள் எடுத்தார். ஜெர்மானியர் அதற்கு வைத்திருக்கும் பெயர் மிட்டல்வாண்ட், அதாவது நடுச்சுவர். பிரெஞ்சுக்காரர்கள் சீர் கோஃப்ரே என்கிறார்கள், அச்சுப் பதித்த மெழுகு என்று பொருள். இந்தியில் சத்தாதார், தேனடைக்கு ஆதாரம். ஆங்கிலத்து பவுண்டேஷன், அடி என்று பொருள்படும் லத்தீன் ஃபுண்டுஸிலிருந்து வந்தது. ஒவ்வொரு அறைக்கும் அடி அதுதான் என்ற அளவில் அதுவும் சரி. ஆனால் தமிழில் அடி என்றதும் கண் கீழே போய்விடுகிறது. ஜெர்மானியர் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் ஆங்கிலத்தைப் பார்த்து வைத்தோம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அடை நம்மிடம் இருக்கிற சொல்தான், தட்டையாகத் தடித்திருப்பது அடை, கல்லில் வார்க்கும் அடையும் அப்படித்தான். தேனடைக்கு இறால் என்ற பழைய சொல்லும் உண்டு, ஆனால் இன்று இறால் என்றால் மீன்கடைதான் நினைவுக்கு வரும். என் தெரிவு அடை நடுத்தாள். நடுவில் த் மிகுவதைக் கவனியுங்கள். நடுதாள் என்று எழுதினால் வினைத்தொகையாகி, நடுகின்ற தாள் என்றாகிவிடும்.

மெழுகுத் தாள் போதாதா என்று கேட்கலாம். பேச்சில் போதும், நானே அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் இன்று பிளாஸ்டிக்கிலும் இது வருகிறது, மேலே மெழுகு பூசாவிட்டால் தேனீக்கள் அதைச் சீந்துவதில்லை. பிளாஸ்டிக்கை மெழுகுத் தாள் என்று எப்படிச் சொல்வது? நடுத்தாள் என்றால் எதில் செய்தாலும் பொருந்தும்: மெழுகு நடுத்தாள், பிளாஸ்டிக் நடுத்தாள்.

என் கை போவது மெழுகுக்குத்தான். ஆனால் பெட்ரோலிய மெழுகான பாரபின் கலந்த தாள் விற்பவர்களும் உண்டு. அது வெயில் காலத்தில் தேனின் கனம் தாங்காமல் தொய்ந்துவிடும், அறைகள் நீண்டு கோணும், சில சமயம் அடையே உள்ளிருக்கும் தேனீப் புழுக்களோடு சரிந்து விழும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும், மலிவான பாரபின் அதற்கு முன்பே இளகிவிடும். வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், தேன் மணம் வர வேண்டும், மண்ணெண்ணெய் வாடை வரக் கூடாது. நாள்பட்ட தாளில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது பூஞ்சணம் இல்லை, நல்ல மெழுகிலும் வருவது, லேசாகச் சூடு காட்டினால் மறைந்துவிடும்.

அப்புறம் அளவு. இத்தாலியத் தேனீக்கான தாளில் அறையின் அகலம் ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர். நம் அடுக்குத் தேனீ சிறியது, தென்னிந்தியச் சமவெளியில் அதன் பணித்தேனீ அறை 4.3 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். பெரிய அச்சைக் கொடுத்தால் கலைத்துக் கட்டும், இல்லாவிட்டால் ஆண் தேனீ அறையாக்கிவிடும். அதனால் மார்த்தாண்டம் பக்கம் உள்ளதுபோல் நியூட்டன் பெட்டி என்ற சிறிய பெட்டியில் அடுக்குத் தேனீ வைத்திருப்பவர்கள் அளவைக் கேட்டு வாங்குங்கள். சரியான அளவு கிடைக்கவில்லையா, சட்டத்தின் மேல்கட்டையில் விரற்கடை அகலத்துக்கு ஒரு மெழுகுப் பட்டை ஒட்டினால் போதும், மீதியை அவையே கட்டிக்கொள்ளும். மரப்பொந்திலிருந்து பிடித்த கூட்டமாக இருந்தால், அதன் பழைய அடையையே வெட்டி வாழை நாரால் சட்டத்தில் கட்டிவிடலாம். அடை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டதும் நாரைத் தேனீக்களே கடித்து வெளியே தள்ளிவிடும். அங்கே நடுத்தாளே தேவையில்லை.