ஈரலால் மிதக்கும் சுறா

பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்யக் காசிமேட்டில் தேடி வாங்கும் பால் சுறா, கரையோரத்து மீன். சென்னையிலிருந்து கிழக்கே 40, 50 கிலோமீட்டர் போனால் கண்டத்திட்டு முடிந்து கடல்தரை சரியத் தொடங்கும். ஆழ்கடல் சுறா வகையான கல்ப்பர் சுறாக்களின் வாழிடம் இப்படிப்பட்ட சரிவுகள்தான். நம் நாட்டில் கேரளக் கரைக்கு அப்பாலும் அந்தமான் பக்கத்திலும் பிடிபடுகின்றன. பார்த்தால் அடையாளம் தெரியும்: பச்சையாக மின்னும் பெரிய கண், முதுகில் இரண்டு துடுப்பு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு முள். வாலுக்கு முன்னால் வயிற்றுப்புறம் தடவினால் பால் சுறாவுக்கு இருக்கும் துடுப்பு இதற்கு இருக்காது.

எலும்புள்ள மீன்கள் பலவும் காற்றுப்பையால் மிதக்கின்றன. சுறாவுக்கு அது கிடையாது. 1,000 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் சுமார் 100 மடங்கு. அங்கே காற்று சுருங்கிப்போகும், எண்ணெய் அவ்வளவாகச் சுருங்காது. கல்ப்பர் சுறா தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈரலாகவே வைத்திருக்கும். அதில் பெரும்பகுதி ஸ்குவாலீன் என்ற எண்ணெய். ஒரு லிட்டர் ஸ்குவாலீன் 860 கிராம், ஒரு லிட்டர் கடல்நீர் 1,027 கிராம். பத்து கிலோ சுறாவின் ஈரலில் 2 லிட்டர் இருந்தால் 330 கிராம் தூக்கும். மிச்ச உடம்பு கீழே இழுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீந்தாமலே நிற்கலாம், இரை அரிதான இடத்தில் இந்தச் சிக்கனம் பெரிய வரவு.

அந்த ஈரலுக்காகத்தான் தூண்டில் போடுகிறார்கள். ஸ்குவாலீனை ஹைட்ரஜனேற்றினால் எளிதில் கெடாத ஸ்குவாலேன். முகக் கிரீம்களில் சேர்ப்பது இதை. சில தடுப்பூசிகளிலும் ஸ்குவாலீன் உண்டு.

பிடித்த அளவுக்கு இந்தச் சுறாக்கள் திரும்பப் பெருகுவதில்லை. முதிரவே பல ஆண்டு. சில இனங்களில் சினைக்காலம் மட்டும் 2 ஆண்டு, ஈற்றுக்கு ஒன்றிரண்டு குட்டி. மத்தி, கானாங்கெளுத்திக்கு உள்ள கணக்கை இதற்குப் போட்டதுதான் தப்பு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சரிவில் 1976-77-இல் இழுவை வலையிட்டு எண்ணினார்கள். 1996-97-இல் அதே கப்பலில் மறுபடி எண்ணியபோது கல்ப்பர் சுறாக்கள் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. மாலத்தீவில் 1980களின் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த ஈரல் எண்ணெய்த் தொழில் இருபதாண்டுகளில் படுத்தது. 2010-இல் அங்கே சுறா பிடிப்பதையே தடை செய்தார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்-இன் சிவப்புப் பட்டியலில் கல்ப்பர் சுறா இனங்களில் பல இன்று அழியும் ஆபத்தில் உள்ளவை. தெரியாமல் வலையில் சிக்கியதை விட்டுவிடுவதாலும் பெரிதாகப் பயனில்லை. ஆழத்திலிருந்து இழுபட்டு வருபவற்றில் பல பிழைப்பதில்லை.

ஸ்குவாலேன் கரும்பிலிருந்தும் ஆலிவிலிருந்தும் கிடைக்கிறது. மூலம் எதுவானாலும் மூலக்கூறு ஒன்றே என்பதால் தொட்டோ முகர்ந்தோ சொல்ல முடியாது. கார்பனின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணு வகைகள், என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் சுறாவா செடியா என்று ஆய்வகத்தில் பிரித்துவிடலாம். கடையில் நமக்கு இருப்பது டப்பாவின் பின்பக்கம்தான். அங்கே தாவர மூலம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறும் ஸ்குவாலேன் என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரைக் கேட்கலாம்.