ஓடை மீன் மூன்றாம் நாள் ஏன் சாகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "ஓடையில் ஏழெட்டுக் குட்டிக் கெண்டையும் இரண்டு அயிரையும் பிடித்துவந்து தொட்டியில் விட்டேன். வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு கேன் நிறைய ஓடைத் தண்ணீரையே சுமந்துவந்தேன். அங்கே கிடந்த கூழாங்கற்களையே எடுத்துவந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, பளிச்சென்று ஆக்கித்தான் தொட்டியில் போட்டேன். ஏர் பம்பும் ஓடவிட்டேன். இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியாடின. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் நாலு மீன் மிதக்கின்றன. எனக்கு மீன் ராசி இல்லை போலிருக்கிறது."

ராசியெல்லாம் ஒன்றும் இல்லை. மீன் வளர்ப்பவர்களிடம் இந்த ராசிப் பேச்சு அதிகம். தொட்டி வைத்த இடம் சரியில்லை, வாங்கிய நேரம் சரியில்லை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று காரணம் தேடுவார்கள். பத்து நிமிடத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். இந்த வாசகரின் மீன்கள் செத்த காரணம் அவர் எழுதியதிலேயே இருக்கிறது. பிரஷ் என்று ஒரு சொல் வருகிறதே, அங்கே.

முதலில் ஆக்சிஜன் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் அது ஏழரை ஆகிவிடும். சலசலத்து ஓடும் ஓடையில் தண்ணீர் புரண்டு புரண்டு காற்றைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் இந்தக் கொஞ்சமும் எப்போதும் நிறைவாக இருக்கும். ஓடை மீன் அதற்குப் பழகியது. தொட்டியில் ஏர் பம்ப் போட்டு, மேல்மட்டம் நன்றாகக் கலங்கும்படி தண்ணீரைச் சுற்றவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. நம் வாசகர் அதைச் செய்திருக்கிறார். ஆக்சிஜன் குறைவில் சாகிற மீன் பெரும்பாலும் முதல் இரவே, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து பிளந்து சாகும். மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடித்த மீனைக் கொன்றது வேறு.

அது அம்மோனியா. தின்ற புரதத்தில் மிஞ்சும் நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறோம். நன்னீர் மீனுக்கு அந்த வேலை அவ்வளவாகக் கிடையாது. அம்மோனியாவாகவே, பெரும்பாலும் செவுள் வழியாக, சுற்றியுள்ள தண்ணீரில் கலந்துவிடுகிறது. மூச்சு விடுகிற இடமும் கழிவு போகிற இடமும் ஒன்றே. ஓடையில் இதனால் ஒரு சிரமமும் இல்லை, அடுத்த நொடி அந்தத் தண்ணீர் அங்கே இருக்காது. தொட்டித் தண்ணீர் எங்கே போகும்?

ஒரு கணக்குப் போடலாம். மூன்றில் ஒரு பங்கு புரதம் உள்ள தீனியை ஒரு கிராம் போட்டால், அதிலிருந்து சுமார் 30 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியே வரும். 40 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 0.75 மில்லிகிராம். தினமும் ஒரு கிராம் போட்டால் மூன்று நாளில் இரண்டைத் தாண்டிவிடும். புதிதாகப் பிடித்த மீன் மிரண்டுபோய்ச் சரியாகத் தின்னாது. தின்னாத தீனி அடியில் அழுகினால் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த அம்மோனியா முழுவதும் விஷம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டால் அம்மோனியம். அது செவுளுக்குள் எளிதில் நுழையாது. சேர்த்துக்கொள்ளாமல் இருக்கிற அம்மோனியாதான் சவ்வை ஊடுருவி உள்ளே போய்விடும். எது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு; கூடினால் காரம். 25 டிகிரித் தண்ணீரில் பிஎச் 7 என்றால் விஷ வடிவம் 0.6 சதவீதம்கூட வராது. பிஎச் 8 ஆனால் 5 சதவீதத்துக்கு மேல். பிஎச் 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதனால்தான் ஒருவருக்கு ஒன்றும் ஆகாத அதே அழுக்கு, பிஎச் கூடிய கடினத் தண்ணீர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் மீனைக் கொன்றுவிடுகிறது. அப்புறம் அவர் ராசி இல்லாதவர் ஆகிவிடுகிறார்.

சரி, ஓடையிலும் மீன் கழிகிறது, இலை அழுகுகிறது, செத்த பூச்சி மிதக்கிறது. ஓடை ஏன் அம்மோனியாவால் நிறைந்துவிடவில்லை? அடித்துக்கொண்டு போவது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் காலை வைத்தவுடன் தெரியும்: கல் வழுக்கும்.

ஓடைக் கல்லில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேலே பச்சையோ பழுப்போ ஆன ஒரு மெல்லிய படலம். அதன் அடியில், நகத்தால் சுரண்டினால் மட்டும் வருகிற இன்னொரு வழவழப்பு. பாசி, பாக்டீரியா, அவை சுரக்கும் பசை, அந்தப் பசையில் ஒட்டிய தூசு எல்லாம் சேர்ந்த கூட்டுக்குடித்தனம் அது. இந்த வழுக்கலுக்குள் அம்மோனியாவையே தின்று வாழும் உயிர்கள் இருக்கின்றன. நம் வாசகர் பிரஷ்ஷால் தேய்த்தும் வெந்நீரால் அவித்தும் அப்புறப்படுத்தியது இவற்றைத்தான். ஓடையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்தார், கல்லைக் கொண்டுவந்தார், மீனைக் கொண்டுவந்தார். ஓடையைச் சுத்தமாக வைத்திருந்த கூட்டத்தை மட்டும் கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிட்டார்.

எனக்கு இந்தப் பாக்டீரியாக்கள் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. செடி வெளிச்சத்தைத் தின்கிறது, நாம் செடியைத் தின்கிறோம் என்று பள்ளியில் படித்த உலகத்தில் இவை சேராது. இவற்றுக்கு வெளிச்சமும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து நைட்ரைட் ஆக்குகின்றன. அதில் கிடைக்கிற சொற்ப ஆற்றலை வைத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து தங்கள் உடம்பைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இவற்றைப் பிரித்தெடுக்கப் பார்த்தபோது, வழக்கமான ஜெலட்டின் தட்டில் இவை வளரவே இல்லை. மற்ற கிருமிகள் கொழுத்து வளரும் அந்த விருந்தில் இவை பட்டினி. உயிர்ப்பொருளே இல்லாத, வெறும் உப்புகளும் அம்மோனியாவும் உள்ள கரைசலைக் கொடுத்த பிறகுதான் பிடிபட்டன.

சொற்ப ஆற்றல் என்றேனே, அதில்தான் மூன்றாம் நாள் மரணத்தின் கணக்கு இருக்கிறது. கிடைக்கும் ஆற்றலின் பெரும்பகுதி கார்பனைப் பிடித்து உடம்பாக்குவதிலேயே செலவாகிவிடுவதால் இவை மெதுவாகத்தான் பெருகும். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அம்மோனியா தின்னும் நைட்ரோசோமோனாஸுக்கு எல்லா வசதியும் செய்துகொடுத்தாலும் எட்டு மணி நேரம் வேண்டும். சாதாரணத் தொட்டியில் ஒரு நாளே ஆகிவிடலாம். அதாவது ஈ.கோலை 72 தலைமுறை பார்க்கிற ஒரு நாளில் இது ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று தலைமுறை பார்க்கும். தேய்த்துக் கழுவிய தொட்டியில் தப்பிப் பிழைத்த சில ஆயிரம், தொட்டிக் கழிவு முழுவதையும் தின்னும் அளவுக்குப் பெருக வாரக்கணக்கில் ஆகும். மீனுக்கு அவ்வளவு நாள் இல்லை.

கதை நைட்ரைட்டோடு முடியவில்லை. அதுவும் விஷம்தான். அதைத் தின்று ஓரளவு சாதுவான நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும். பல ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் அந்த இடத்தில் நைட்ரோபாக்டர் என்று எழுதிவந்தன. 1990களின் பிற்பகுதியில் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது, அங்கே வேலை செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று தெரிந்தது. முதல் கூட்டம் நைட்ரைட்டை ஆக்கித் தரும்வரை இரண்டாவது கூட்டத்துக்குச் சாப்பாடு இல்லை. அதனால் புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும்.

இதைவிட வேடிக்கை பின்னால் நடந்தது. அம்மோனியாவைத் தின்பது பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு ஆண்டுக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். 2005இல் ஆர்க்கியா என்ற வேறொரு குலத்தைச் சேர்ந்த உயிரும் அதைச் செய்கிறது என்று வளர்த்தே காட்டினார்கள். எங்கே கிடைத்தது தெரியுமா? அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மீன் காட்சியகத்தில், ஒரு கடல்மீன் தொட்டியின் கற்களில். அதன் உறவுக்கார உயிர்கள் உலகக் கடல்களில் மிக ஏராளமாக வாழ்பவற்றில் சேர்ந்தவை! அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே உயிர் செய்யக்கூடும் என்று 2006இல் வெறும் கணக்கில் சொன்னார்கள். 2015இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. ஒன்றுக்கு அது கிடைத்தது ஆழ்கிணற்று வெந்நீர்க் குழாயின் படலத்தில். மற்றதற்கு, மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியில். மீன்தொட்டி வழுக்கலை ஆராயப் பணம் கொடுங்கள் என்று போய்க் கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்ற கேள்விதான் முதலில் வரும். ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், வயலில் போட்ட உரம் வீணாவதும் இதே வேதியியல்தான். பயன் என்ன என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் ஆராயலாம் என்றால் இதில் பாதி இன்னும் இருட்டில்தான் கிடந்திருக்கும்.

ஆக, மீனைப் பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் தொட்டி தயாராக வேண்டும். வெயிலில் காயவைக்காமல், ஈரத்தோடு, தேய்க்காமல் ஒரு கை கூழாங்கல் கொண்டுவந்தால் போதும். அது விதை மட்டும்தான். பயிர் ஆக வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, இரண்டும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஃபில்டரை இரவில் அணைத்து வைக்காதீர்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்க நாலரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஓட்டம் நின்றால் மீனுக்கு முன்னால் மூச்சுத் திணறுவது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

கழுவாத கல்லில் அழையாத விருந்தாளியும் வரும். ஒருமுறை என் தொட்டியில் குஞ்சு மீன்கள் நாளுக்கொன்றாகக் காணாமல் போயின. டார்ச் அடித்து உட்கார்ந்து பார்த்தேன். கல் இடுக்கில் மண் நிறத்தில் ஒரு தட்டான் புழு, அசையாமல். ஒரு குஞ்சு பக்கத்தில் வந்ததும், முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த உதடு கை போல நீண்டு அதைக் கவ்வி உள்ளே இழுத்தது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. கோபத்தைவிட ஆச்சரியம்தான் வந்தது. மீன் விடுவதற்கு முந்தைய அந்த வெற்று மாதத்திலேயே இவற்றைத் தேடிப் பிடித்து ஓடையில் விட்டுவிடலாம்.

இடையில் நைட்ரைட் ஏறிவிட்டால் கல்லுப்பு ஒரு சிட்டிகை உதவும். நன்னீர் மீன் உடம்பிலிருந்து உப்பு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஈடுகட்டச் செவுளில் உள்ள செல்கள் தண்ணீரிலிருந்து குளோரைடை இழுத்துக்கொள்ளும். நைட்ரைட்டும் அதே வாசலில் புகுந்துவிடுகிறது. ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினைக் கெடுத்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்கிறது. செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகிவிடும். தண்ணீரில் குளோரைடு கூடினால் வாசலில் நெரிசல், நைட்ரைட் வெளியே நிற்கும். அயிரை போன்ற நுண்செதில் மீன்கள் உப்பை அதிகம் தாங்காது, அளவோடு போடுங்கள்.

பிடிப்பது பற்றி நாலு வார்த்தை. காப்புக்காடு, சரணாலயம் போன்ற இடங்களில் கை வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் உரிமம் வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள். முட்டை நிறைந்த பெரிய மீனை விட்டுவிட்டு இளசுகளில் ஐந்தாறு போதும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டுமே வாழும் மிஸ் கேரளா மீன், தொட்டி அழகுக்காக அளவில்லாமல் பிடிக்கப்பட்டு, ஐயுசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளவற்றில் சேர்ந்துவிட்டது. வளர்த்த மீன் சலித்துவிட்டால் திரும்ப ஓடையில் விடவும் கூடாது. தொட்டியில் ஒட்டிய நோய் ஓடைக்குப் போய்விடும்.

பையில் நீண்ட நேரம் கொண்டுவந்த மீனைத் திறக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மூடிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அதனால் சேர்ந்த அம்மோனியா சாதுவான அம்மோனியம் வடிவில் கிடக்கும். பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஊற்றிப் பழக்குகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தால், கார்பன் டை ஆக்சைடு பறந்து பிஎச் ஏறும், அம்மோனியம் கண்ணெதிரே அம்மோனியாவாக மாறும். மூடிய பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலை சமமானதும், பையைத் திறந்த உடனே வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

இவ்வளவையும் எழுதி அனுப்பியதற்கு நம் வாசகர் இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினார். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகிவிட்டதாம், மூன்று அயிரைகள் பத்து நாளாக மணலைக் கிளறிக்கொண்டிருக்கின்றனவாம். ஆனால் ஃபில்டர் பஞ்சு பார்க்கவே அசிங்கமாகப் பழுப்பாக இருக்கிறது, குழாயைத் திறந்து நன்றாகக் கழுவலாமா என்று கேட்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அந்தப் பழுப்பில் குடியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் காலி. தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் ஒரு வாளி இருக்கும்; அதில் பஞ்சை இரண்டு முறை கசக்கிப் பிழிந்து அப்படியே திரும்ப வையுங்கள். அந்த வாளித் தண்ணீரையும் கொட்ட வேண்டாம். நைட்ரேட் நிறைய இருக்கிறது, செடிக்கு ஊற்றுங்கள்.