சரமும் அதைக் கையாளும் வழிமுறைகளும்

நிரலாக்கத்தில் ‘ஸ்ட்ரிங்’ என்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த குறியுருக்களின், அதாவது எழுத்து, எண், இடைவெளி போன்றவற்றின் வரிசை. பெயர், முகவரி, கடவுச்சொல், முழுக் கட்டுரை எதுவானாலும் நிரல் அதை இப்படித்தான் வைத்துக்கொள்கிறது. தமிழில் இதற்கு நிலைபெற்ற கலைச்சொல் சரம்.

பழைய ஆங்கிலத்தில் கயிறு, நாண் என்று பொருள்பட்ட ‘ஸ்ட்ரெங்’ என்பதே ஆங்கிலச் சொல்லின் வேர். கயிற்றைச் சுட்டிய சொல், நாளடைவில் அதில் கோத்த வரிசைக்கும் ஆகிவந்தது. 1962இல் பெல் ஆய்வகத்தில் உருவாகத் தொடங்கிய ஸ்னோபால் என்ற நிரல்மொழியின் முதன்மை வேலையே சரங்களைக் கையாளுவதுதான்.

நம் சரமும் முத்துச்சரம், பூச்சரம் என்று கோத்த வரிசையைக் குறிப்பது. அம்பு என்ற பொருளில் வரும் சரமும், ‘சராசரம்’ என்பதில் அசைவதைக் குறிக்கும் சரமும் வேறு. சிலர் ‘எழுத்துச்சரம்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு வெறும் ‘சரம்’ போதும் என்றே படுகிறது. கோக்கப்படுபவை எழுத்துகள் மட்டுமல்ல, எண்களும் இடைவெளிகளும் நிறுத்தற்குறிகளும் அதில் உண்டு.

சரத்தின் மீது ஒரு வேலையைச் செய்ய நாம் ஏவும் ‘மெத்தட்’ வழிமுறை எனப்படும். ‘ஸ்ப்ளிட்’ பிரித்தல், ‘ஜாயின்’ கோத்தல், இவற்றில் குழப்பமில்லை. ‘டிரிம்’ என்பதைத்தான் பலர் ‘இடைவெளி நீக்கல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரத்தின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை மட்டுமே நீக்கும், நடுவில் உள்ளதைத் தொடாது. ‘ஓர இடைவெளி நீக்கல்’ என்றால் பொருள் பிசகாது. ‘ரிப்ளேஸ்’ என்பதை ‘மாற்று’ எனலாம். ஆனால் ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல்மொழிகளில் சரம் மாறாத் தன்மையுடையது. வழிமுறை பழைய சரத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தரும். அதை ஒரு மாறியில், அதாவது மதிப்பைப் பெயரிட்டு வைக்கும் இடத்தில், ஏற்றி வைக்காவிட்டால் செய்த மாற்றம் கைக்கு வராது.

இன்னும் நுட்பமாகப் பிரிக்க வேண்டியவை மூன்று. ஒரு குறியுருவும் இல்லாதது வெறுஞ்சரம். இடைவெளிகள் மட்டுமே கொண்டது வெற்றிடச் சரம். சரமே இல்லாத நிலை இன்மை, அதாவது ‘நல்’. ஜாவாவின் ‘இஸ்எம்ப்டி’ முதலாவதற்கு மட்டுமே ஆம் என்று சொல்லும். 2018இல் ஜாவா 11உடன் வந்த ‘இஸ்பிளாங்க்’ முதலிரண்டுக்கும் ஆம் என்னும். இன்மையின் மீது இவற்றில் எதை ஏவினாலும் நிரல் பிழையில் முடியும். மூன்றையும் ‘காலி’ என்று பொதுவாகச் சொல்லிப் போனால், கற்பவருக்குப் பிழை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

தமிழர் தவறாமல் அறியவேண்டியது ‘லெங்த்’, அதாவது சர நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள். பைத்தானின் ‘லென்’ செயற்கூறோ ஐந்து என்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்துக்கும் தனித்தனிக் குறியெண்கள், அதாவது கணினி அவற்றை அடையாளம் காணும் எண்கள், இருப்பதே காரணம். சரத்தைக் குறியெண் வரிசையில் தலைகீழாக்கினால் புள்ளி முதலில் வந்து நிற்கும், மகரத்தின் இகரம் ழகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே ‘லெங்த்’ என்பதை ‘எழுத்து எண்ணிக்கை’ என்று மொழிபெயர்ப்பது தவறு. தமிழ் எழுத்துகளையே எண்ண வேண்டுமானால், உயிர்மெய்யை ஓர் அலகாகப் பிரித்துத் தரும் ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) நாடலாம்.